கத்திரிச் செடிக்கு ஞானத்தகப்பன்

உலகத்தில் விவசாயம் தோன்றிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன என்று சரித்திரக்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பாவம், அவர்களுக்குப் புதுச்சேரி விவரம் தெரியாது. விவசாயம் முறைப்படி தொடங்கியது 1957ஆம் வருஷம் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலைப் பூசைக்கும் பகல் சாப்பாட்டுக்கும் நடுவே, உழவர்கரைச் சாலை ஓரத்தில். அதற்கு முன்பு மனிதர்கள் செய்துவந்ததெல்லாம் விதைப்பதும் பறிப்பதும் தின்பதும்தான். தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, வரவேற்புரையும் நன்றியுரையும் கிடையவே கிடையாது. அதையெல்லாம் விவசாயம் என்று எப்படிச் சொல்வது?

இந்தக் குறையைத் தீர்த்துவைத்தது 'புதுவை சமுதாயப் பண்ணை சிரமதானத் தொண்டர் சபை'. உழைப்பைத் தானமாகக் கொடுப்பது அப்போது நாடெங்கும் நல்ல செல்வாக்கில் இருந்தது. வடக்கே கனவான்கள் மண்வெட்டியும் கையுமாகச் சாலை போடுகிற படங்கள் பத்திரிகையில் வந்தன. புதுச்சேரிக் கனவான்கள் அவற்றைப் பார்த்தார்கள். மண்வெட்டி பிடித்தபடி நிற்பது தங்களுக்கும் எடுப்பாக இருக்கும் என்று அவர்களுக்குப் பட்டது. சபை பிறந்துவிட்டது.

சபைத் தலைவர் ஆதிமூலம், ஊரில் பெரிய மரவாடி வைத்திருந்தவர். செயலாளர் தனிஸ்லாஸ். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கோர்ட்டுப் பதிவகத்தில் நகல் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்து, நகல் எழுதும் குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவர். சபையில் மற்ற எல்லாருக்கும் தொண்டு செய்ய ஆசை இருந்தது. தனிஸ்லாசுக்கு மட்டும் காரணமும் இருந்தது.

அந்தக் காரணத்தின் பெயர் முத்தம்மாள். குருசுக்குப்பத்து மீன்காரி. தெருமுனையில் வரும்போதே நாலு வீட்டுக்குக் கேட்கும்படி விலை சொல்லிக்கொண்டு வருவாள். முந்தின வருஷம் கார்த்திகை மழையில் ஒருநாள் சத்தமே இல்லாமல் தனிஸ்லாஸ் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலையில் கூடை இல்லை. இடுப்பில் பிள்ளை மட்டும் இருந்தது. பிரெஞ்சுக்கார ஐயாக்களைக் கூப்பிடுகிற மாதிரி அவரையும் 'முசே' என்றுதான் கூப்பிடுவாள்.

"கடலு அடைச்சிக்கிச்சி, முசே. கட்டுமரம் எறங்கி எத்தினியோ நாளாச்சி. குப்பத்துல ஒரு வூட்லயும் அடுப்பு எரியல. எனக்கு வேணாம். இதுக்குக் கொஞ்சம் பழைய சோறு இருந்தா குடுக்கச் சொல்லுங்க."

தனிஸ்லாசின் மனைவி அகஸ்டினா சோறு கொண்டுவந்தாள். பிள்ளை தலையைத் தூக்காமல் தின்றது. தட்டு காலியான பிறகும் விரலால் தட்டை வழித்துக்கொண்டே இருந்தது. தனிஸ்லாஸ் இளகின மனசுக்காரர். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"அடுத்த மழைக்கு உங்க பிள்ளைங்க பட்டினி கெடக்காது, முத்தம்மா. கஞ்சித்தொட்டி வச்சி, காயும் போட்டு, வயிறார ஊத்தறோம். பரோல் தொனேர்!"

"அப்பிடின்னா?"

"மானத்து மேல சத்தியம். பிரெஞ்சுக்காரன் இதச் சொல்லிட்டான்னா உசுரே போனாலும் மாறமாட்டான்."

"அவன் பேச்சு எதுக்கு முசே, அவந்தான் கப்பலேறிட்டானே. நீங்க சொல்லுங்க."

"நான்தான் சொல்றேன்."

"சரி முசே. பரோலு," என்று அந்தச் சொல்லை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்ட மாதிரி அவள் போனாள். தனிஸ்லாஸ் அன்றைக்கு மனசாரத்தான் சொன்னார். அதில் யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஆதிமூலம் சாலையோரத்தில் தமக்குச் சும்மா கிடந்த நிலத்தைக் கொடுத்தார். அதில் கிணறு ஒன்றும் ஓடு போட்ட கொட்டகை ஒன்றும் இருந்தன. மழைக்காலத்துக்கு அரிசி கொடுக்க மண்டிக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். காய் பண்ணையிலிருந்து வரவேண்டும். கத்திரி போடுவது என்று முதல் கூட்டத்தில் முடிவாயிற்று. இரண்டாவது கூட்டத்தில்தான் தனிஸ்லாஸ் எழுந்து, வேளாண்மை வரலாற்றையே திருப்பிப்போட்ட அந்த யோசனையைச் சொன்னார்.

"பொதுச் செடின்னா எவனும் திரும்பிப் பாக்கமாட்டான். ஞானஸ்நானத்தப்போ பிள்ளைக்கு ஞானத்தகப்பன்னு ஒருத்தரு நிக்கறாரு இல்லியா? பெத்தவன் தவறிட்டா அவருதான் பொறுப்பு. அந்த மாதிரி ஒவ்வொரு கத்திரிச் செடிக்கும் ஒரு பெரிய மனுஷரு நின்னா என்னா?"

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நாங்களும் நிக்கலாமா?" என்று விபூதி பூசிய உறுப்பினர் ஒருவர் கேட்டார்.

"கத்திரிக்காய்க்கு மதம் கெடையாது," என்று தலைவர் தீர்ப்பளித்தார். கைதட்டல் எழுந்தது.

"எந்தச் செடி யாரோடதுன்னு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டவர் ஓய்வுபெற்ற கொமிசேர். போலீஸ் அதிகாரியாக இருந்த காலம் முழுதும், எந்தக் குற்றம் யாருடையது என்பதைத் தவிர வேறெதையும் விசாரித்தறியாதவர்.

"பேர்ப்பலகை வச்சிடலாம்," என்றார் மரவாடி முதலாளி. "தேக்குல. நானே குடுக்கறேன்."

அந்த நொடியில் தனிஸ்லாசின் உள்ளே ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது. வாழ்நாள் முழுதும் அவர் மற்றவர்களுடைய பெயர்களையே எழுதியவர். வாதி பெயர், பிரதிவாதி பெயர், நீதிபதி பெயர், காலமானவர் பெயர் என்று அழகான வளைவுகளோடு எழுதித் தள்ளியிருக்கிறார். நகலின் அடியில் நகல் எடுத்தவருக்கு இரண்டு எழுத்துச் சுருக்கொப்பம்தான் அனுமதி. அவருடைய முழுப்பெயர் நாலு பேர் பார்க்கும்படி எங்கேயும் எழுதப்பட்டதே இல்லை. இனி கல்லறையில்தான் என்று நினைத்திருந்தார். இப்போது உயிரோடு இருக்கும்போதே, தேக்கில், எண்ணெய் வர்ணத்தில்! அன்று இரவு உணவின்போது மேஜைமேல் விரலால் தம் பெயரை எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டங்கள் எல்லாம் பலகையில் எந்த மொழி என்ற கேள்வியில் கழிந்தன. புதுச்சேரி இந்தியாவிடம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆனால் நடைமுறையில்தான் வந்திருந்தது, சட்டப்படி வரவில்லை. ஒப்பந்தத்துக்குப் பாரீஸ் பார்லிமெண்ட் இன்னும் தலையசைக்கவில்லை. எனவே பிரெஞ்சு முதலில் வரவேண்டும் என்றது ஒரு கட்சி. நிலம் தமிழ் நிலம், செடி தமிழ்ச் செடி என்றது இன்னொன்று. நாற்றங்காலில் நாற்று முழங்கால் உயரம் வளர்ந்து, யாராவது பிடுங்கி நடமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் இரண்டு மொழியும் சம அளவு எழுத்தில், பட்டங்களும் பழைய பதவிகளும் ஒன்றுவிடாமல் என்று சமரசம் ஏற்பட்டது. அதனால் பலகைகள் சற்று அகலமாகிவிட்டன.

நட்டார்கள். அதாவது காவலாளி இருசப்பன் நட்டான். உறுப்பினர்கள் பலகைகளை நட்டார்கள்.

அந்தக் காட்சியைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கிணற்றை ஒட்டிய முதல் வரிசை பதவியில் இருப்பவர்களுக்கு. அடுத்தது பதவியில் இருந்தவர்களுக்கு. அதற்கும் பின்னால் பதவிக்கு வர இருப்பவர்களுக்கு. முதல் வரிசைக்கு முன்னால் தனியாக ஒரே ஒரு செடி. அது டெல்லியிலிருந்து வந்திருந்த மேன்மை தங்கிய உயர் அதிகாரி ஒருவருடையது. அவருடைய பட்டங்களுக்கு ஏற்ற பலகையில் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். தனிஸ்லாசின் பலகை கடைசி வரிசையில், வேலியோரத்தில் இருந்தது. அவருக்கு அது போதும். சாலையில் போகிறவர்கள் வேலியோரத்தைத்தானே முதலில் பார்ப்பார்கள்.

ஞாயிறுதோறும் சிரமதானம் நடந்தது. கனவான்கள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, பரஸ்பரம் 'போன்ழூர்' சொல்லிக்கொண்டு, வருகைப் பதிவு முடித்து, தலைவர் உரையைக் கேட்டு, அவரவர் செடிக்கு ஒரு சொம்பு தண்ணீர் வார்த்தார்கள். பிறகு கைக்குட்டையை எடுத்து அவரவர் பலகையைத் துடைத்தார்கள். இது நுணுக்கமான வேலை. மொழிக்கு ஒரு பக்கமாக, பொறுமையாகத் துடைக்க வேண்டும். முடிந்ததும் எலுமிச்சைச் சர்பத். வாரத்தின் மற்ற நாட்களில் இருசப்பன் கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைத்தான். அவன் உறுப்பினர் அல்லாததால் அதைச் சிரமதானம் என்று சொல்ல விதிகளில் இடமில்லை.

ஆவணி கடைசியில் ஒரு விபரீதம். உயர் அதிகாரியின் செடி வெளுத்துச் சோர்ந்து செத்துப்போனது. இருசப்பன் தலையைச் சொறிந்தான்.

"பலகை மறைக்குதுங்க. வெயிலே படல."

"உளறாத. மேன்மை தங்கியவரோட பேரு அவரு செடியையே கொன்னுடுச்சின்னு சொல்றியா?" என்று தலைவர் அதட்டினார்.

அவசரக் கூட்டம் கூடியது. செடி சாகவில்லை, 'இடமாற்றம்' செய்யப்பட்டுள்ளது என்று தீர்மானம் ஆயிற்று. அதன்படி உயர் அதிகாரியின் பலகை, மூன்றாம் வரிசையில் கம்பவுண்டர் ஒருவருடைய பெயரில் கொழுகொழுவென்று வளர்ந்திருந்த செடிக்கு முன்னால் நடப்பட்டது. அதன் காரணமாக அந்த வரிசையே முதல் வரிசை என்று அறிவிக்கப்பட்டது. கம்பவுண்டர் தமது செடி பதவி உயர்வு பெற்றதற்குப் பெருமைப்படும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார். பட்டார்.

ஐப்பசியில் வயல் முழுக்கக் காய். ஊதா நிறத்தில் பளபளவென்று கிளை கிளையாகத் தொங்கியது. வடகிழக்கில் மேகம் திரண்டது. கட்டுமரங்கள் கரையேறின. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுங்கூடையோடு முத்தம்மாள் பண்ணைக்கே வந்துவிட்டாள்.

"முசே, கடலு அடைச்சிக்கிச்சி. அரிசி மண்டியில வாங்கிட்டோம். காயி பறிச்சிக்கினு போலாம்னு வந்தேன்."

தனிஸ்லாஸ் தலைவரைப் பார்த்தார். தலைவர் வயலைப் பார்த்தார்.

"பறிக்கலாம்மா. யாரு வேணான்னா? ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல? முதல் காயி மேன்மை தங்கியவரு கையால பறிக்கணும். அவருக்கு முன்னாடி நாம பறிச்சா மரியாதையா?"

"அவுரு எங்க?"

"டெல்லி போயிருக்காரு. தைக்கு வந்துடுவாரு."

"தைக்குக் கடலே தொறந்துடும் சாமி. மீனு குடுத்து நானே உங்களுக்கு எல்லாம் காயி வாங்கித் தருவேன். இப்பத்தானே வேணும்?"

ஓய்வுபெற்ற கொமிசேர் குறுக்கே வந்தார். "அதோட, ஒவ்வொரு செடிக்கும் ஒருத்தரு சம்மதம் வேணும். என் காயைக் கேக்காம பறிச்சா அது திருட்டு."

"காயிதான் காய்ச்சிருக்குதே, ஐயா. முத்திப்போயி மஞ்சளாவுது பாருங்க!"

இங்கேதான் தனிஸ்லாஸ் அந்தப் பாவத்தைச் செய்தார். இரண்டு பக்கமும் சமாதானம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, முத்தம்மாளின் முகத்தைப் பார்க்காமல், கோர்ட்டுக் குரலில் சொன்னார்:

"முத்தம்மா, நம்ம ஊரு நடைமுறையில இந்தியா, சட்டப்படி இன்னும் இல்ல. இல்லியா? அந்த மாதிரிதான். காயி நடைமுறையில காய்ச்சிருக்குது. சட்டப்படி இன்னும் காய்க்கல."

சபை "புரவோ!" என்று ஆர்ப்பரித்தது. முத்தம்மாள் கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, வரிசை வரிசையாக நின்ற பலகைகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் எல்லாவற்றையும் படித்துவிட்ட மாதிரி தலையை ஆட்டினாள்.

"கத்திரிக்காய்க்கு ஆளுக்கு ஒரு அப்பன் இருக்கறான். எங்க புள்ளைங்களுக்குத்தான் ஒருத்தனும் இல்ல." போகிற போக்கில் திரும்பி, "பரோலு, முசே," என்றாள்.

அன்று தனிஸ்லாசுக்குப் பகல் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் பண்ணைப் பக்கம் நடந்துபோய், தம் பலகையைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொண்டு வந்தார்.

கார்த்திகையில் புயல் வந்தது. சனிக்கிழமை காலையிலேயே காற்று ஓலமிட, ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. அந்த நேரத்திலும் தொண்டர் சபை பின்வாங்கவில்லை. அதுவரை ஒரு ஞாயிறுகூட முழு எண்ணிக்கையில் வராத உறுப்பினர்கள், அன்று ஒருவர் பாக்கியில்லாமல் திரண்டார்கள். தலைவர் சேற்றில் முழங்கால்வரை இறங்கினார். கொமிசேர் தொப்பி பறந்ததைப் பொருட்படுத்தவில்லை. கனவான்கள் நனைந்தார்கள், வழுக்கினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். சபையின் வரலாற்றில் உண்மையாகவே வியர்வை சிந்தப்பட்டது அன்றுதான்.

எல்லாப் பலகைகளையும் பத்திரமாகப் பிடுங்கிக் கொட்டகைக்குள் சேர்த்தார்கள். உயர் அதிகாரியின் பலகைக்கு நாலு பேர் குடை பிடித்தார்கள். பூட்டிச் சாவியைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, கத்திரிச் செடிகளை ஆண்டவன் பொறுப்பில் விட்டுவிட்டு வீடு திரும்பினார்கள்.

"என்னாத்தக் காப்பாத்திட்டு வந்தீங்க?" என்று அகஸ்டினா, சொட்டச் சொட்ட வந்து நின்ற கணவரைப் பார்த்துக் கேட்டாள்.

"பலகைங்கள."

"பலகை நனைஞ்சா காஞ்சிடும். அந்தப் பொம்பளை புள்ளையத் தூக்கிக்கினு வந்தாளே, அது இப்ப எங்க இருக்குதோ." துண்டை அவர் மேல் எறிந்துவிட்டு உள்ளே போனாள். அன்று முழுதும் அவரோடு பேசவில்லை.

ஞாயிறு பகலில் காற்று ஓய்ந்து மழை மட்டும் நின்று பெய்தது. பூசைக்குப் போய்த் திரும்பிய தனிஸ்லாஸ், வாசலில் முத்தம்மாளைக் கண்டார். சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு நடுங்கிற்று.

"கடலு உள்ள பூந்துடுச்சி, முசே. குப்பத்துல பாதி குடிசை இல்ல. சத்தரத்துல இடமில்ல, கோயில்ல இடமில்ல. புள்ளைங்கள எல்லாம் இழுத்துக்கினு உங்க பண்ணைக்குப் போனோம். கொட்டாய் பூட்டிக் கெடக்குது. பூட்டின கொட்டாய் வாசல்ல நிக்குதுங்க. என் சின்னதுக்கு உடம்பு கொதிக்குது. அரிசி மூட்டைய நனையாம தலையில வச்சிக்கினு நிக்கறோம். நான் வேற ஒண்ணும் கேக்கல. அன்னிக்கி நெஞ்சில கைய வச்சிச் சொன்னீங்களே..."

அந்தச் சொல்லை அவள் சொல்லவில்லை. தனிஸ்லாசே வாய்க்குள் சொல்லிக்கொண்டார். தம் முகத்தில் தாமே காறித் துப்பவேண்டும் போல இருந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் சாவியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். பின்னாலேயே அகஸ்டினா உப்பும் மிளகாயும் ஒரு பெரிய அண்டாவும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

கொட்டகை திறந்தது. பெண்களும் பிள்ளைகளும் முண்டியடித்து உள்ளே வந்தார்கள். ஓரமெல்லாம் ஒழுகித் தரை ஈரமாகக் கிடந்தது. காய்ந்திருந்தது நடுவில் அடுக்கிவைத்திருந்த பலகைகள் மட்டும்தான். முத்தம்மாள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இருப்பதிலேயே பெரிய பலகையை இழுத்துத் தரையில் போட்டாள். காய்ச்சலில் முனகிய பிள்ளையை அதன்மேல் படுக்கவைத்துத் தன் ஈர முந்தானையைப் பிழிந்து நெற்றியில் போட்டாள். மேன்மை தங்கியவரின் பட்டங்கள் எல்லாவற்றின் மேலும் பிள்ளை கையைக் காலைப் பரப்பிக்கொண்டு தூங்கியது.

"காயி?" என்றாள் முத்தம்மாள்.

தனிஸ்லாஸ் மழையில் வயலுக்குள் இறங்கினார். மேன்மை தங்கியவரின் செடியைத் தொடாமல் மற்றதைப் பறிக்கலாம் என்றுதான் அப்போதும் அவர் புத்தி சொல்லிற்று. ஆனால் எது அவருடையது? எது கொமிசேருடையது, எது தலைவருடையது? பலகை இல்லாத வயலில் சாய்ந்தும் நிமிர்ந்தும் கத்திரிச் செடிகள் நின்றன. எல்லாம் ஒரே மாதிரி நின்றன. தம்முடைய செடி எது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. இத்தனை மாதம் அவர் ஒருநாளும் செடியைப் பார்த்ததில்லை.

"பறிங்க! எல்லாத்தையும் பறிங்க!" என்று கத்தினார். குப்பத்துப் பெண்கள் சேற்றில் இறங்கி, முற்றியது பிஞ்சு பாராமல் பறித்து மடி நிரப்பினார்கள்.

அண்டா ஏறியது. அரிசி விழுந்தது. காய் நறுக்கிப் போட்டாயிற்று. விறகுக்குத்தான் வழியில்லை. இருசப்பன் கொண்டுவந்த சுள்ளியெல்லாம் ஈரம். புகைந்ததே தவிரப் பற்றவில்லை. பிள்ளைகள் இருமின. முத்தம்மாள் அடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்து நிமிர்ந்தாள். நிமிர்ந்தவளின் பார்வை பலகைகளின் மேல் போய் நின்றது. பிறகு தனிஸ்லாசின் மேல் நின்றது. அகஸ்டினாவும் பார்த்தாள். இருசப்பனும் பார்த்தான்.

நன்றாகக் காய்ந்த தேக்கு. மேலே எண்ணெய் வர்ணம்.

தனிஸ்லாஸ் அரசாங்க ஊழியராக வாழ்ந்தவர். எரிப்பதாக இருந்தாலும் அவருக்கு முறை வேண்டும். சின்னவர்களிலிருந்து தொடங்கினால் முதலில் தம்முடையது போகும். ஆகவே சபைகளில் எப்போதுமே பெரியவர்களுக்குத்தான் முதல் மரியாதை என்று அவருக்கு நினைவு வந்தது. மேன்மை தங்கியவரின் மேல் பிள்ளை தூங்கியதால், அடுத்த நிலையில் இருந்த தலைவர் ஆதிமூலத்தை எடுத்து, ஒரு கணம் தலைகுனிந்துவிட்டு, அடுப்பில் வைத்தார். தீ குபீரென்று பிடித்தது. பிள்ளைகள் கைதட்டின.

அதன்பிறகு வரிசைக்கிரமமாக ஒவ்வொருவரும் எரிந்தார்கள். பதவியில் இருப்பவர்கள் நின்று நிதானமாக எரிந்தார்கள். பதவிக்கு வர இருப்பவர்கள் சடசடவென்று எரிந்தார்கள். கொமிசேர் ஒரு கொதிக்குக்கூடத் தாங்கவில்லை. கஞ்சி முனக ஆரம்பித்தது. பலகைகள் தீரத் தீர, தனிஸ்லாஸ் தம்முடைய பலகையை யாரும் அறியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"இன்னும் ஒரு கொதி வேணும் முசே. அரிசி நடுவுல வேவல," என்றாள் முத்தம்மாள்.

"தீந்துடுச்சே."

"அக்குள்ள என்னா?"

தனிஸ்லாஸ் கையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"ஒண்ணு, அந்தப் பெரிய பலகை. புள்ளைய எழுப்பி ஈரத்துல போடணும். இல்லாட்டி அது." அவள் கையை நீட்டவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

தனிஸ்லாஸ் பலகையை வெளியே எடுத்தார். இரண்டு மொழியில், முழுப்பெயர். வர்ணக்காரன் வளைவுகளை அவர் சொன்னபடியே போட்டிருந்தான். ஒருமுறை கையால் துடைத்தார். பெரிய பலகையில் பிள்ளை புரண்டு படுத்து, தூக்கத்தில் எதையோ சப்புக்கொட்டியது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாருக்காக என்று அவருக்கே தெரியவில்லை. பலகையை அடுப்பில் சொருகிவிட்டு எழுந்துபோய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதுகுக்குப் பின்னால் அண்டா தளதளவென்று பொங்கியது. அகஸ்டினா அன்றைக்கு முதல் முறையாக வாய் திறந்து, "வாங்க, நீங்களும் ஒரு வாய் குடிங்க," என்றாள்.

மார்கழியில் சபையின் பொதுக்கூட்டம். தனிஸ்லாசை விலக்கும் தீர்மானம் தயாராக இருந்தது. 'உறுப்பினர்களின் பெயருக்குத் தீயிட்டு விளைவித்த களங்கம்' என்று கொமிசேரே சொற்களைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஆனால் கூட்டத்துக்கு முந்தின நாள் டெல்லியிலிருந்து தந்தி வந்துவிட்டது. புயலில் தொண்டர்கள் தங்கள் பெயர்ப்பலகைகளையே விறகாக்கிக் குழந்தைகளுக்குக் கஞ்சி வார்த்த செய்தியைப் பத்திரிகையில் படித்து, மேன்மை தங்கியவர் மெய்சிலிர்த்துப்போனாராம். தீர்மானத்தில் 'களங்கம்' என்ற இடத்தில் 'புகழ்' என்று மாற்றிக்கொண்டார்கள்.

"அன்னிக்கி அந்தப் புகையில என் கண்ணு போன பாடு," என்று கொமிசேர் நினைவுகூர்ந்தார்.

"என் பலகைய நானே என் கையால தூக்கி வச்சேன்," என்றார் தலைவர். பலர் தாங்கள் அதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். தனிஸ்லாஸ் அதைக் கூட்டக் குறிப்பில் அழகான வளைவுகளோடு எழுதிக்கொண்டார்.

அடுத்த வருஷத்துக்குப் புதிய பலகைகள் செய்வதென்று பேச்சு வந்தது. அதற்கு முன்னதாக, நிகழ்ச்சி நிரலின்படி 'பயனாளி நன்றியுரை'. முத்தம்மாளை மேடைக்கு ஏற்றினார்கள். இடுப்பில் பிள்ளை. காய்ச்சல் விட்டுக் கன்னம் தெளிந்திருந்தது. அவள் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"எல்லாரும் நல்லா இருக்கணும். எனக்குப் பேசத் தெரியாது. நாங்க பசியில கெடந்தப்ப பெரியவங்க எல்லாரும் அடுப்புல எரிஞ்சீங்க. அதுக்கு முன்னாடி உங்கள ஒருநாளும் நாங்க கிட்ட பாத்ததில்ல. எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த வருசம் செடி வைக்காட்டியும் பரவால்ல. பலகைய மட்டும் பெருசா வைங்க. எல்லாருக்கும் அந்த டெல்லிக்காரரு அளவுக்கு வைங்க. புள்ளைங்க படுத்துக்கவும் ஆவும், எரிக்கவும் ஆவும். உங்களால எங்களுக்கு ஆவறது அது ஒண்ணுதானே!"

கைதட்டல் அடங்க வெகு நேரம் பிடித்தது. எல்லாருடைய பலகையும் பெரிதாக வேண்டும் என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.